பின் கட்டிலின் பாரம்

இரண்டாவது நாள் கரண்ட் வைத்துவிட்டுத் திரும்பி வந்ததும் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"இனிமே அந்த ரோட்டுல என்னால வர முடியாதுங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திரும்பிப் படுப்பதற்கு நாலு நிமிடம் ஆனது. ஆகவே அதைக் கோபத்தில் முகம் திருப்பிக்கொண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

லாரிக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் கழுத்தை மடக்கி நின்றார். அந்த வீட்டின் கூரை ஐந்தடி பத்து அங்குலம், அவர் ஆறடி. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலவே தெரிவார். கூரை ஏன் அவ்வளவு தாழ்வு என்றால், அது வீடு மட்டுமில்லை, வண்டியும்கூட. ஒரு காலத்தில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்த நீள வேன். எவனோ ஒரு தச்சன் அதற்குள் கட்டில், அடுப்பு மேடை, கை கழுவும் தொட்டி, தலையில் இடிப்பதற்கென்றே அளவெடுத்த அலமாரி எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கியிருந்தான். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தபோது லாரிக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இதை வாங்கினார். கண்ட கண்ட சரக்கையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கியாயிற்று, கட்டினவளை ஒரு ஊருக்கும் கொண்டுபோகவில்லையே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. மூன்று ஊர் பார்த்தார்கள். நாலாவது ஊரில் அவளுக்கு இடுப்பு வலித்தது.

அந்த இடுப்பு வலி இடுப்போடு நிற்கிற வலியாக இல்லை. எங்கோ தொடங்கிய நோய் எலும்புக்கு வந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கதிர்வீச்சு சிகிச்சை எழுதி, பத்து நாள் கரண்ட் வைக்கச் சொன்னார். குணமாகும் என்று அவர் சொல்லவில்லை; அந்த வார்த்தை இருக்கிற திசைக்கே அவர் போகவில்லை. "வலி குறையும். படுத்தா தூங்கலாம். ஆனா பத்தும் முடிக்கணும்" என்றார். மூடிக் கிடந்த ஒரு ஐஸ் கம்பெனியின் பின்புறம், காவலாளி பார்த்தும் பார்க்காமல் விட்ட இடத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். அவளால் உட்கார முடியாது, படுத்துத்தான் போக வேண்டும். கட்டிலோ பின் சக்கரத்துக்கும் பின்னால், வண்டியின் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பகுதியில். வழியில் இருபத்தாறு வேகத்தடை. அவள்தான் எண்ணியிருந்தாள். வலியைக் குறைத்துக்கொள்ளப் போய் வருவதற்கு ஒரு நாளைக்கு ஐம்பத்திரண்டு தடவை வலிக்க வேண்டியிருந்தது.

"வண்டி தூக்கிப் போடுது, அவ்வளவுதானே" என்றார் லாரிக்காரர். "அதை நான் சரி பண்றேன். பண்ணிட்டா வருவியா?"

சுவரிடமிருந்து பதில் வந்தது.

"தூக்கிப் போடாம இருந்தா வர்றேன்."

மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். அவளை மெத்தையோடு தூக்கிக் காவலாளியின் அறையில் படுக்க வைத்திருந்தார்கள். மெக்கானிக் வண்டியின் பின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி, அழுத்தி, விட்டார். வண்டி ஏழு தடவை தலையாட்டியது.

"ஒரு தடவை எழும்பி நின்னுடணும்ணே. இது எதைக் கேட்டாலும் ஆமாம் போடுது."

பிறகு அடியில் புகுந்து படுத்தார். வெளியே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது.

"ஷாக் அப்சார்பர் போயிருச்சா?" என்று லாரிக்காரர் செருப்பிடம் கேட்டார்.

"போயிருந்தாக்கூட பரவாயில்ல. அது இருந்த இடத்துல நாலு இரும்புக் குழாய் தொங்குது. எண்ணெய் ஒழுகி முடிஞ்சே வருஷமாயிருக்கும். இதுலயா அக்காவைக் கூட்டிட்டுப் போனீங்க?"

வண்டி வாங்கும்போது லாரிக்காரர் எஞ்சினைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். பின்னால் இருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கிற பழக்கம் அவர் தொழிலில் இல்லை. முப்பத்தொரு வருடமும் அவருக்குப் பின்னால் இருந்தது செங்கல், சிமென்ட், கட்டுக் கம்பி. அவற்றில் ஒன்றுகூட வாயைத் திறந்ததில்லை.

அன்று மத்தியானமே அவள் தம்பி வந்து சேர்ந்தான். குழாய் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. எதை வாங்குவதென்றாலும் முதலில் நாலு கம்பெனியின் விலைப் புத்தகத்தை வரவழைத்து, கோடு போட்டு ஒப்பிட்டு, அதற்குள் அந்தப் பொருளின் தேவையே தீர்ந்துபோகும்படி செய்வான். லாரிக்காரர் அவனுக்கு வைத்த பெயர் கேட்லாக். அவன் தன் திருமணத்துக்குப் பெண் பார்த்த முறையைப் பற்றியும் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அவன் மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

"மூணு ரகம் இருக்கு மாமா" என்றான், பைக்கை நிறுத்துவதற்குள். "ஒண்ணு, நாமளே முறுக்கி இளக்கிக்கிற மாதிரி வர்றது. அதோட விலையைச் சொன்னா நீங்க என்னை அடிப்பீங்க."

"அப்போ அதைச் சொல்லாத."

"ரெண்டாவது, கேஸ் அடைச்சது. பாரம் ஏத்துற வண்டிக்கு. மூணாவது, சாதா எண்ணெய் ரகம். பேர் தெரியாத கம்பெனி, ஆனா நம்ம வண்டி அளவுக்கு வருது. விலை ரெண்டாவதுல பாதி."

"பேர் தெரியாத கம்பெனி சாமானைத்தான் உங்க அக்காவுக்குப் போடணுமா?"

"நான் ரகம்தான் சொன்னேன். போடணும்னு சொல்லலையே."

உதிரி பாகக் கடையில் மேசை மேல் இரண்டையும் எடுத்து வைத்தார்கள். கடைக்காரர் மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, நியாயமான ஒரு கேள்வி கேட்டார்.

"வண்டியில பாரம் எவ்வளவு போகும்?"

இங்கே லாரிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாரம் எவ்வளவு என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லாதது அவர்கள் தொழில் ஒழுக்கம். சோதனைச் சாவடியில் கேட்டால் பாதியாகக் குறைப்பார்கள். உதிரி பாகக் கடையில் கேட்டால் இரண்டு மடங்காகக் கூட்டுவார்கள். அப்போதுதான் கடைக்காரன் உள்ளே போய்த் திடமான சாமானாக எடுத்து வருவான். இதில் பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. மூச்சு விடுகிற மாதிரி வந்துவிடும்.

"ஒன்றரை டன்" என்றார் லாரிக்காரர்.

கையிலிருந்த விலைப் புத்தகத்திலிருந்து கேட்லாக் தலையை நிமிர்த்தினான். "மாமா, அக்கா ஒன்றரை டன்னா?" என்று காதோரம் கேட்டான்.

"நீ சும்மா இரு மச்சான். கடையில பேசற விஷயம் உனக்குத் தெரியாது."

"நானும் கடையிலதான் மாமா பேசிப் பொழைக்கிறேன்."

"நீ விக்கிறது குழாய். இது வேற."

லாரிக்காரர் மலிவு ரகத்தை எடுத்துத் தரையில் நட்டு வைத்து, தண்டை உள்ளங்கையால் அழுத்தினார். அது நிதானமாக உள்ளே போனது. அதைவிட நிதானமாக வெளியே வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். மறுப்பே சொல்லாமல் மறுபடியும் போனது.

"இதுல உயிரே இல்லையே" என்றார்.

அடுத்தது கறுப்பு. தடிமன். அழுத்தினார், அசையவில்லை. முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் கொடுத்து அழுத்தியபோது இரண்டு அங்குலம் இறங்கி, கையைத் தட்டிவிட்டு மேலே வந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று மாதமாக வராதிருந்த வெளிச்சம்.

"இதுதான்."

"மாமா, இதுல போட்டிருக்கான். பாரம் ஏத்துற வண்டிக்குன்னு."

"நம்மளது என்ன, காத்தாடியா? விலையைப் பாத்துப் பயப்படறியா? கட்டினவளுக்கு மலிவா பாத்து வாங்கினான்னு நாளைக்கு நாலு பேர் சொல்லணுமா?"

எந்த நாலு பேர் என்று கேட்லாக் கேட்கவில்லை. ஐஸ் கம்பெனிப் பின்புறத்தில் ஒரு காவலாளியும் இரண்டு பூனையும்தான் இருந்தார்கள். கறுப்பு ரகத்திலேயே நாலு ஷாக்கும் வாங்கினார்கள்.

மெக்கானிக் மாட்டி முடித்ததும் லாரிக்காரர் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குழி, மேடு, சாக்கடை மூடி, எல்லாவற்றிலும் விட்டு ஏற்றினார். இரண்டு சொட்டுதான் சிந்தியது. தம்ளரை அப்படியே கையில் ஏந்திக்கொண்டுபோய் அவளிடம் காட்டினார்.

"பாரு. ரெண்டே சொட்டு."

அவள் தம்ளரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "சரி, போகலாம்" என்றாள்.

மூன்றாவது நாள் கரண்டுக்குப் போனபோது லாரிக்காரருக்கு வண்டி ஓட்டுவதே ஒரு சுகமாக இருந்தது. ஓட்டுநர் இருக்கை முன் சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் பாரத்தின் மேல், தனி ஸ்ப்ரிங் வைத்து, ராஜா மாதிரி இருந்தது. அவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு. முதல் வேகத்தடை தாண்டியதும் கதவைப் பார்த்துக் கத்தினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்குங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பத்தாவது தடை. "எப்படி?"

"நல்லாயிருக்குங்க."

நாலாவது நாளும் அப்படியே. ஐந்தாவது நாள் அவர் கேட்கவே இல்லை; சின்னதாகச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார். நோயாளியைக் கொண்டுபோகும்போது சீட்டியடிக்கலாமா என்று பாதி வழியில் தோன்றியது. நிறுத்தினார். இரண்டு கிலோமீட்டருக்குள் அது தானாக மறுபடியும் வந்துவிட்டது.

அன்று கரண்ட் அறையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் வெளியே வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஐயா, அம்மாவை எந்த வழியா கூட்டிட்டு வர்றீங்க?"

"மெயின் ரோடுதான். ஏன்மா?"

"இல்ல, இங்க அசையாம படுக்கணும். உடம்புல போட்ட மை அடையாளத்துல சரியா விழணும். முதல் ரெண்டு நாள் வலின்னு முனகினாங்க, ஆனா படுத்துட்டாங்க. இந்த மூணு நாளா வந்ததும் உடம்பு வெடவெடன்னு நடுங்குது. நடுக்கம் நிக்கிறதுக்கே கால் மணி நேரம் காத்திருக்கோம். இன்னைக்கு அரை மணி. உதட்டை வேற கடிச்சு ரத்தம் வந்திருக்கு. ஆம்புலன்ஸ் ஏதாவது பாக்க முடியாதா?"

"புது ஷாக் அப்சார்பர் போட்டிருக்கேன்மா" என்றார் லாரிக்காரர்.

அந்தப் பெண்ணுக்கு அது என்ன பதில் என்று புரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அக்காவைப் பார்க்க அன்று கேட்லாக் பைக்கில் வந்திருந்தான். லாரிக்காரர் அவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்தார். அவர் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்ததை அவன் அதுவரை பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரியைச் சுத்தி ஒரு சுத்து ஓட்டு. நான் பின்னால படுத்துக்கிறேன்."

"மாமா, எனக்குச் சின்ன கார்தான் பழக்கம்."

"நாலு சக்கரம்தானே. ஓட்டு."

கட்டிலில் ஏறி, அவள் படுக்கிற வாக்கில், அவள் தலையணையில் தலை வைத்து மல்லாந்து படுத்தார். அந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போது வண்டி நகர்வது அவருக்கு அதுவே முதல் தடவை. அந்தக் கட்டில் என்ன, எந்த வண்டியிலும் அவர் பின்னால் படுத்துப் போனதில்லை.

முதல் வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. பரவாயில்லை. பிறகு பின் சக்கரம் ஏறியது. கட்டில் அவரைக் கீழிருந்து ஒரு உதை உதைத்தது. மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு விநாடி காற்று மட்டும் இருந்தது. அப்புறம் பலகை வந்து இடுப்பெலும்பில் மோதியது. தூக்கிப் போட்ட வேகத்தில் நெற்றி அலமாரியின் விளிம்பில் பட்டது. பழைய ஷாக் ஆட்டிக்கொண்டே போகும். இது ஆட்டவில்லை. அடித்தது. ஒன்றரை டன் ஏற்றியிருந்தால் அது பணிந்து மடங்கியிருக்கும். ஏறியிருந்தது எழுபத்தெட்டு கிலோ. மடங்குவதற்கு அது மெனக்கெடவே இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் பெயருக்குக் கீழே எழுதியிருந்த எடை அவருக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று. அவர் வாழ்க்கையில் ஏற்றியதிலேயே லேசான சரக்கு.

"இன்னொரு சுத்து போகவா மாமா?" என்று முன்னாலிருந்து கேட்லாக் கத்தினான்.

"போதும். நிறுத்து."

அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கட்டிலில் மாற்றியதும் லாரிக்காரர் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவர் நெற்றியில் வீக்கம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. எத்தனை வருடக் குடித்தனம்.

"நல்லாயிருக்குன்னியே."

"ம்."

"கேட்ட ரெண்டு நாளும் சொன்னியே."

"முப்பது வருஷமா துணி தைச்சவ நான். துணியை வெட்டக்கூட ஆரம்பிச்சிருக்க மாட்டேன், நாளைக்கு ரெடின்னு சொல்லுவேன். வாய் அதுக்குப் பழகிடுச்சு."

"விளையாடாத."

அவள் கூரையைப் பார்த்தாள். "நீங்க ஒரு கடைக்குப் போயி, எனக்குன்னு நாலு பொருளைப் பாத்து, நல்லதா ஒண்ணை எடுத்துட்டு வந்தது இதுதாங்க முதல்ல. உடுத்துறதுகூட நானாத்தானே எடுத்துக்குவேன். போயும் போயும் ஷாக் அப்சார்பர். அதையும் சரியில்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

லாரிக்காரர் தரையில் ஒட்டியிருந்த ஒரு நூலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

அன்று திரும்பும்போது பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். மூன்று மணி நேரம் ஆனது. பின்னால் வந்து ஒலியெழுப்பித் தாண்டிப் போன ஒவ்வொருவரும் ஜன்னலை இறக்கி அவருடைய தாயாரைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு அவரும் அவர்கள் குடும்பத்தை விசாரித்திருப்பார்.

அடுத்த இரண்டு நாள் கரண்ட் அறைக்கு விடுமுறை. லாரிக்காரர் மறுபடி கடைக்குப் போனார். கேட்லாக்கும் கூடப் போனான். புத்தகம் எடுத்து வரவில்லை. மாட்டிக் கழற்றிய சாமானைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும், கேட்கவும் இல்லை.

"அன்னைக்கு ரெண்டு காட்டினீங்கல்ல. மலிவா இருந்தது. பின்னாடிக்கு மட்டும் ஒரு ஜோடி கொடுங்க" என்றார் லாரிக்காரர்.

"ஒன்றரை டன்னுக்கு அது தாங்காதுங்களே."

"ஒன்றரை டன் இல்ல."

"பின்ன எவ்வளவு?"

லாரிக்காரர் தொண்டையைச் செருமினார். "நாற்பத்து மூணு கிலோ" என்றார்.

கடைக்காரர் சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். எதிரே இருந்த இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"நோயாளியா?"

"என் வீட்ல. எலும்புல வலி. பின்னால படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானே இதைத்தான் கொடுத்திருப்பேன்."

"தெரியுது."

"விலையும் பாதி."

"அதுவும் தெரியுது" என்றார் லாரிக்காரர்.

மெக்கானிக் புதுக் கருக்கு அழியாத கறுப்பு ஷாக்குகளைக் கழற்றும்போது ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார். மலிவானவற்றை மாட்டி, தானாகவே பின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, "இது கூலியில்லாம" என்றார். லாரிக்காரர் இந்தத் தடவை தம்ளர் வைத்துப் பார்க்கவில்லை. மெக்கானிக்கை ஓட்டச் சொல்லிப் பின்னால் தானே படுத்துப் பார்த்தார். தடையில் கட்டில் அவரைத் தூக்கியது, யோசித்தது, கீழே வைத்தது. அலமாரி வரை போகவில்லை. உயிரில்லாத சாமான் என்று தான் சொன்னது காதுக்குள் கேட்டது.

ஆறாவது நாள். கேட்லாக் விடுப்புப் போட்டுவிட்டு வந்து முன்னால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டான். முதல் தடை.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்குங்க."

இரண்டாவது தடை. "எப்படி?"

"நல்லாயிருக்கு."

மூன்றாவதைத் தாண்டியதும் லாரிக்காரர் கேட்பதற்கு வாயைத் திறந்தார். என்ன பதில் வரும் என்று தெரிந்திருந்தது. அதே சொல்தான், அதே குரலில் வரும். அந்தச் சொல் இப்போது எதையும் சொல்லவில்லை. நெசமாகவே நல்லாயிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்வாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தாலும் அதைத்தான் சொல்வாள். ஐந்தாவது தடையில் வண்டியை ஓரம் கட்டினார்.

"இறங்கி இந்தப் பக்கம் வா" என்றார் மச்சானிடம்.

"மெயின் ரோடு மாமா. லாரியெல்லாம் வருது."

"லாரிக்காரன் உன்னை இடிக்க மாட்டான். ஒதுங்கித்தான் போவான். இருபதுக்கு மேல போகாத. தடை வந்தா நின்னு, அப்புறம் ஏறு."

பின்னால் போய், அவளைச் சுவர்ப் பக்கம் அரை அடி நகர்த்தி, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தார். ஒருவருக்கான கட்டில், அவருடைய பாதி உடம்பு வெளியே இருந்தது.

"என்னங்க இது, நடுரோட்டுல" என்றாள்.

"கையைக் குடு."

வண்டி நகர்ந்தது. தடை வந்தது. கேட்லாக் நின்று, பயந்து, ஏறினான். லாரிக்காரருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தொட்டில் மாதிரி இருந்தது. ஆனால் அவர் கைக்குள் இருந்த கை இறுகியது. அடுத்து ஒரு சின்னக் குழி, அதைக் குழி என்றே அவர் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. கை இறுகியது. தார் ஒட்டுப் போட்ட இடம். இறுகியது. சமமான ரோட்டில், எதுவுமே இல்லாத இடத்தில், வண்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு தடவை இறுகியது.

ஷாக் அப்சார்பரில் குறை இல்லை. அதைவிட மிருதுவானது எந்தக் கடையிலும் இல்லை. அவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"வலிக்குதா?"

"நல்லா..."

"வேணாம். நெசத்தைச் சொல்லு. எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கறேன். ஒத்துக்கறேன். பொய் மட்டும் சொல்லாத."

இரண்டு தடை போனது.

"வலிக்குது" என்றாள். "போன வாரம் மாதிரி இல்ல. அது அடி. இது அடி இல்ல. ஆனா வலிக்குது. வண்டி நின்னாலும் வலிக்குது."

"திரும்பிடலாமா?"

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"பதினொரு கிலோமீட்டர்."

"அப்போ இன்னைக்குப் போயிடலாம். நாளைக்குள்ளதை நாளைக்குக் கேளுங்க."

மறுநாள் கேட்டார். போகலாம் என்றாள். போனார்கள். கேட்லாக் ஓட்டினான்; அவர் பக்கத்தில் படுத்து வந்தார். கரண்ட் அறைப் பெண், இன்னைக்கு நடுக்கம் இல்லை ஐயா, ஆனா ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க என்றாள். அது ஏழாவது.

எட்டாவது நாள் காலை கேட்லாக் வந்து எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தான். லாரிக்காரர் அவளுக்கு முகம் துடைத்துவிட்டு, தலையணையைச் சரி செய்துவிட்டுக் கேட்டார்.

"போகலாமா?"

"வேண்டாங்க" என்றாள்.

எந்தக் குரலும் உயரவில்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"ரோடா?"

"ரோடு இல்ல. ஷாக்கும் நல்லாத்தான் இருக்கு. அது நெசம். என்னை இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு தூக்கி மாத்துறது இனி வேணாம். அந்தக் கரண்ட் ரூம் பலகையில படுக்கிறதும் வேணாம்."

கேட்லாக் பலகைக் கதவு வழியாகத் தலையை நீட்டினான். "அக்கா, மூணே மூணுக்கா. ஏழு முடிச்சாச்சு. டாக்டர் என்ன சொன்னாரு? பத்தும் முடிச்சாத்தான..."

"நீ வந்து படு" என்றாள் அக்கா. "மூணையும் நீ வாங்கிக்க."

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். லாரிக்காரரைப் பார்த்தான். மாமா ஏதாவது சொல்வார், ஒரு அதட்டல் போடுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தான். லாரிக்காரரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. வண்டி சரியாகிவிட்டது, அவளும் அதை ஒத்துக்கொண்டாள். தூக்கிப் போடாம இருந்தா வர்றேன் என்று சொன்னதும் அவள்தான். வாதத்தில் அவர் பக்கம் எல்லாமே இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல் என்று கேட்டு வாங்கியதும் அவர்தான், ஒத்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் அவர்தான்.

"எஞ்சினை அணை மச்சான்" என்றார்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நாலு தடவை இசை கேட்டபின் ஒரு குரல் வந்தது.

"இன்னைக்கு வரலைங்களா? சரி. காரணம் என்னன்னு போடட்டும்? வாகன வசதி இல்லையா, காய்ச்சலா, வேற ஊர் மாறிட்டீங்களா?"

"வாகனம் இருக்கு" என்றார் லாரிக்காரர். "நல்லாவே இருக்கு."

"அப்போ?"

"அவளுக்கு வேண்டாமாம்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது. "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லைங்களே."

"வெறுமனே விட்டுடுங்க."

"நாளைக்கு, அதுக்கு அடுத்த நாள் நேரம் இருக்கு. அதுவும் வேண்டாமா?"

அவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். கேட்லாக் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலாளி வழக்கம்போல் இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தான்.

"வேண்டாம்" என்றார்.

உள்ளே போய், கழுத்தை மடக்கி, அரை அடி இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் படுத்தார். வண்டி நகரவில்லை. கையைக் கொடுத்தாள். சற்று நேரத்தில் அது இறுகியது.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றாள்.